களத்திலிருந்து வர்ணனை அறைக்கு: ஒரு குவாட்டர்பேக்கின் தந்தைக்குப் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் டெக்சஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகனுக்கு 22 வயது. உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு கல்லூரியிலும் அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக ஆடினான். சென்ற நவம்பரோடு கல்லூரி ஆட்டம் முடிந்துவிட்டது. முழங்காலில் ஓர் அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. பொருளியலில் பட்டம் பெற்றிருக்கிறான். வங்கி ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. அவனோ வர்ணனைக்கு வந்துவிட்ட முன்னாள் குவாட்டர்பேக்குகள் டோனி ரோமோவையும் டாம் பிரேடியையும் காட்டி, "நானும் தொலைக்காட்சி வர்ணனையாளன் ஆவேன்" என்கிறான். இதற்கிடையில் ஜெர்மனியில் ஓர் அணி ஒரு பருவம் ஆட அழைத்திருக்கிறது; அதற்குப் போகலாமா என்றும் யோசிக்கிறான். புகழ் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் நாற்காலி இவனுக்குக் கிடைக்குமா? பெரிய வீரர்களிலேயே சிலர் வர்ணனையில் நிலைக்கிறார்கள், சிலர் ஓராண்டில் விலகிவிடுகிறார்களே, அது ஏன்? இவனைத் தடுப்பதா, விடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்:

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் மகனைத் தடுக்க வேண்டாம். கடிதத்தின் கடைசி வரியில்தான் தங்கள் கவலை முழுவதும் இருக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் எந்த வாசல் வழியாக உள்ளே போக நினைக்கிறாரோ அது அவருக்குத் திறக்காது என்பதையும், திறக்கக்கூடிய வேறொரு வாசல் இருக்கிறது என்பதையும், அதற்கு வேண்டிய உழைப்பு வேறு வகையானது என்பதையும் தெளிவாக அறிந்துகொண்டு அவர் இறங்க வேண்டும். அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பில் தயாரிப்புப் பக்கம் நெடுங்காலம் பணியாற்றியவன், களத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களுக்கு மைக் முன் பேசப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வர்ணனை அறையில் பொதுவாக இருவர் அமர்கிறார்கள். ஒருவர் களத்தில் நடப்பதை நடக்க நடக்கச் சொல்பவர். அவரை ஆட்ட வர்ணனையாளர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் அது ஏன் அப்படி நடந்தது என்று எடுத்துச் சொல்பவர். அவரை விளக்க வர்ணனையாளர் எனலாம். ஜிம் நான்ட்ஸ், ஜோ பக், மைக் டிரிகோ, கெவின் பர்க்ஹார்ட் ஆகியோர் முதல் வகையினர். இவர்களில் எவரும் என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைக் கால்பந்துப் போட்டிகளில் ஆடியவர் அல்லர். குவாட்டர்பேக்குகளாக ஆடிய ரோமோ, ட்ராய் எய்க்மன், பிரேடி ஆகியோர் இரண்டாம் வகையினர். தங்கள் மகன் கண் வைத்திருப்பது இரண்டாவது நாற்காலியின் மீது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் முதல் அணியில் அப்படிப்பட்ட நாற்காலிகள் நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே உள்ளன. அவற்றில் உட்காருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது, நேயர்கள் முன்பே அறிந்த முகமா என்பதையே நிறுவனங்கள் முதலில் பார்க்கின்றன.

இருந்தாலும் அங்கே குவாட்டர்பேக்குகள் இவ்வளவு பேர் இருப்பதற்குப் புகழ் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. களத்தில் நிற்கும் பதினொருவரில் மற்றவர்கள் தத்தம் வேலையை அறிந்திருந்தால் போதும். குவாட்டர்பேக் மட்டும் பதினொருவரின் வேலையையும் அறிந்திருக்க வேண்டும். எதிரணியினர் நிற்கும் நிலையைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கணித்து, வேண்டுமானால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே திட்டத்தை மாற்றிக் கூவ வேண்டும். வாரம் முழுவதும் எதிரணியின் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்ப்பது அவருடைய அன்றாடப் பணி. தோற்ற நாளிலும் செய்தியாளர்கள் முன் நின்று நிதானமாகப் பேசியாக வேண்டும். காதில் ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தன் வேலையைப் பார்ப்பதும் அவருக்குப் பழகிய ஒன்றுதான். 1994 முதல் என்.எஃப்.எல். குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது, பயிற்சியாளர் அதன் வழியே திட்டத்தைச் சொல்கிறார், அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்தத் தொடர்பு தானாகவே துண்டிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு முடிவெடுப்பது அவர் ஒருவர் பொறுப்பு.

இந்தப் பழக்கங்களில் பெரும்பகுதி வர்ணனை அறையில் அப்படியே பயன்படும். பயன்படாத ஒன்றும் உண்டு. பல பெரிய வீரர்கள் தடுமாறியது அங்கேதான். களத்தில் குவாட்டர்பேக் கண்டதைத் தனக்குள் வைத்துக்கொண்டு செயலில் காட்டினால் போதும். வர்ணனை அறையிலோ, கண்டதை ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாத ஒருவருக்கும் புரியும்படி, சில விநாடிகளுக்குள் சொல்லில் கொண்டுவர வேண்டும்.

அந்தச் சில விநாடிகள் எப்படிக் கழிகின்றன என்று சொன்னால் தங்கள் மகனுக்குப் பயன்படும். ஓர் ஆட்டத்தின் ஒளிபரப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆனால் பந்து உண்மையில் இயக்கத்தில் இருப்பது ஏறக்குறைய 11 நிமிடம் மட்டுமே என்று 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் நேரம் கணக்கிட்டு எழுதியது. மிச்ச நேரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவர் விளக்க வர்ணனையாளர். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவதற்கான 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. யார் பிடித்தார், யார் வீழ்த்தினார், எத்தனை கெஜம் கிடைத்தது என்பதை ஆட்ட வர்ணனையாளர் சொல்லி முடிக்க ஆறேழு விநாடி ஆகும். அதற்குள் தயாரிப்பாளர் காதுக்குள் பேசுகிறார்: "மறுஒளிபரப்பு வருகிறது, வலப்பக்கக் காவலரைப் பார்க்கும் கோணம்." திரையில் காட்சி ஓடத் தொடங்கிய நொடியில் விளக்க வர்ணனையாளர் அதற்குள் நுழைந்து, இருபத்திரண்டு பேரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தைக் காட்டி, அதன் விளைவைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அணிகள் மறுபடி வரிசையில் நிற்கும்போது அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தால், ஆட்ட வர்ணனையாளருக்கு அடுத்த முயற்சியைத் தொடங்கிவைக்க இடமில்லாமல் போய்விடும். ஆகவே நல்ல விளக்கம் என்பது பெரும்பாலும் மூன்று வாக்கியம். சில சமயம் இரண்டே வாக்கியம். மேசையின் மீது பெரிய அட்டை ஒன்று விரித்து வைக்கப்பட்டிருக்கும். இரு அணி வீரர்களின் எண்ணும் பெயரும் சிறு குறிப்புகளும் அதில் வண்ண மையில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் விரலால் பெயரைத் தொட்டுக் காட்டுவார். அந்த அட்டையைத் தாமே உட்கார்ந்து தயாரிப்பவர்களுக்கும், பிறர் தயாரித்துக் கொடுக்கட்டும் என்று இருப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாம் பாதியில் குரலிலேயே கேட்கும்.

இப்போது தாங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: சிலர் நிலைப்பதும் சிலர் விலகுவதும் ஏன்? இதற்குத் தங்கள் ஊரிலேயே, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் ஒரே உடைமாற்று அறையிலிருந்து வந்த இருவரை எடுத்துக்கொள்ளலாம்.

டோனி ரோமோ ஈஸ்டர்ன் இல்லினாய் என்ற பெரிதாக அறியப்படாத பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் 2003இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. தாமே போய்ச் சேர்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்து, முதல் குவாட்டர்பேக் ஆனார். 2016இல் முதுகுக் காயத்தால் அவர் வெளியே இருந்தபோது டாக் பிரெஸ்காட் அந்த இடத்தைப் பிடித்தார். 2017 ஏப்ரலில் ரோமோ ஓய்வை அறிவித்தார். சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் அதுவரை விளக்க வர்ணனையாளராக இருந்த ஃபில் சிம்ஸை ஸ்டுடியோ நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டு, ஒரு நாள்கூட வர்ணனை அனுபவம் இல்லாத ரோமோவை ஜிம் நான்ட்ஸுக்குப் பக்கத்தில் நேரே முதல் அணியிலேயே அமர்த்தியது. பலரும் அதைச் சூதாட்டம் என்றார்கள். அவர் பேசத் தொடங்கிய சில வாரங்களில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

2019 ஜனவரியில் கான்சஸ் சிட்டியில் நடந்த அரையிறுதி ஆட்டத்தைத் தங்கள் மகன் மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். இந்த முறை பந்தைப் பார்க்காமல் ரோமோவின் பேச்சை மட்டும் கேட்கட்டும். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 37-31 என்று வென்ற ஆட்டம் அது. நான்காம் கால்பகுதியின் முடிவில் பேட்ரியட்ஸ் வீரர் ராப் கிரான்கவ்ஸ்கி ஓரத்தில் தள்ளி நிற்பதைக் கண்டவுடன், அந்தப் பின்காவலரைக் கவனியுங்கள், அவர் முன்னே இறங்கினால் பந்து கிரான்கவ்ஸ்கிக்குத்தான் போகும் என்ற பொருள்படச் சொன்னார். பின்காவலர் இறங்கினார், அப்போது பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக்காக இருந்த பிரேடி பந்தை அங்கேயே எறிந்தார். நாடு முழுவதும் அதை ஆரூடம் என்று வியந்தது. நான் வியந்தது வேறொன்றை. கிரான்கவ்ஸ்கி, பின்காவலர் என்ற இரண்டே பேரை மட்டும் நேயரின் கண்ணுக்குக் காட்டி, ஒரே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைக் களம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அந்த அடக்கம் அனுபவம் மிக்கவர்களுக்கே எளிதில் வராது. பிற்காலத்தில் அவர் அதிகம் பேசுகிறார், தயாரிப்புக் குறைந்துவிட்டது என்ற விமர்சனங்கள் எழுந்தன. அவற்றில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் அந்த முதல் இரண்டு ஆண்டுகளின் வர்ணனை இந்தத் தொழிலுக்குப் பாடநூல்.

மற்றவர் ஜேசன் விட்டன். குவாட்டர்பேக் அல்லர்; ரோமோவின் பந்துகளைப் பல ஆண்டுகள் பிடித்த, டைட் எண்ட் என்ற இடத்து ஆட்டக்காரர், அவருடைய நெருங்கிய நண்பர். கவ்பாய்ஸ் வரலாற்றில் மிகவும் மதிக்கப்படும் வீரர்களில் ஒருவர். 2018 மே மாதம் ஓய்வை அறிவித்து ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஒளிபரப்பில் சேர்ந்தார். ஆட்ட அறிவில் அவருக்குக் குறையே இல்லை. ஆயினும் வாக்கியங்கள் பாதியில் சிக்கின. தெரிந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரப் பார்த்தது. விமர்சனம் கடுமையாக இருந்தது, சில சமயம் இரக்கமின்றியும் இருந்தது. 2019 பிப்ரவரியில் அவர் மறுபடி கவ்பாய்ஸ் அணிக்கே ஆடத் திரும்பிவிட்டார். அவரிடம் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வு என்ற முடிவு அவர் மனத்தில் முற்றுப் பெறவில்லை என்பதுதான் என் எண்ணம். இன்னும் ஆட விரும்பும் ஒருவர் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தம் வயதொத்தவர்கள் ஆடுவதைப் பற்றிப் பேசும்போது, அவர் மனம் கீழே களத்தில்தான் இருக்கும்.

குவாட்டர்பேக் ஜே கட்லரின் கதையும் இதே வகை. 2017இல் ஃபாக்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்தமானார். பருவம் தொடங்கும் முன்பே மயாமி டால்ஃபின்ஸ் அணி அழைத்ததும் ஆடப் போய்விட்டார். இன்னும் முன்னால் பார்த்தால், என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை வென்ற குவாட்டர்பேக் ஜோ மொன்டானா 1995இல் ஓய்வு பெற்று என்பிசி தொலைக்காட்சியின் ஸ்டுடியோவில் அமர்ந்தார். ஒரு பருவத்தோடு விலகிவிட்டார். மற்றொரு குவாட்டர்பேக்கான ட்ரூ பிரீஸ் 2021இல் என்பிசியில் சேர்ந்தார். நோட்ர டேம் பல்கலைக்கழக ஆட்டங்களையும், ஒரு வெளியேற்றச் சுற்று ஆட்டத்தையும் வர்ணித்தார். அந்தப் பெரிய இரவில் அவர் பேச்சு எடுபடவில்லை. 2022இல் அந்த வேலை முடிந்தது. ஆனால் 2025 நவம்பரில் ஃபாக்ஸ் அவரை மீண்டும் வர்ணனைக்கு அழைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் விழுந்தவர் எழவே முடியாது என்பதில்லை. அதற்குப் பெயரும் துணை செய்தது என்பதை மறைக்கவும் வேண்டாம்.

டாம் பிரேடி தனி இனம். 2022 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்து, 40 நாளில் திரும்பி வந்து, 2023 பிப்ரவரி 1 அன்று இனித் திரும்புவதில்லை என்று மறுபடி அறிவித்தார். ஃபாக்ஸுடன் ஒப்பந்தம் 2022இலேயே ஆகிவிட்டிருந்தது. 10 ஆண்டுகளுக்கு 37.5 கோடி டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. இருந்தும் அவர் உடனே மைக்கைப் பிடிக்கவில்லை. ஒரு முழுப் பருவம் ஒதுங்கியிருந்து பயிற்சி செய்துவிட்டு, 2024 செப்டம்பரில் கிளீவ்லேண்டில் கவ்பாய்ஸும் பிரவுன்ஸும் மோதிய ஆட்டத்தில்தான் தொடங்கினார். அவர் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அந்த ஓராண்டு இடைவெளி என்று நினைக்கிறேன். முதல் சில வாரங்களில் குரல் விறைப்பாக இருந்தது. 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுலுக்கு வருவதற்குள் இயல்பு வந்துவிட்டது. ஆயினும் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியில் அவர் பங்கு வாங்கியதால், அந்த முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு முந்தைய தயாரிப்புக் கூட்டங்களில் அவரைச் சேர்த்துக்கொள்ள என்.எஃப்.எல். தடை விதித்திருந்தது. அந்தக் கூட்டங்களில்தான் இரு அணிகளின் பயிற்சியாளர்களும் குவாட்டர்பேக்குகளும் ஒளிபரப்பு அணியுடன் மனம் விட்டுப் பேசுவார்கள்; அது இல்லாமல் வர்ணிப்பது அரை வெளிச்சத்தில் படிப்பதற்குச் சமம். 2025இல் தொலைவிலிருந்து கலந்துகொள்ள அனுமதி கிடைத்தது. ஓர் அணியின் பங்குதாரரே மற்ற அணிகளின் ஆட்டத்தை நேயர்களுக்கு விளக்குவது முறையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

பிரேடி வந்ததால் இடம் இழந்தவரைப் பற்றித் தங்கள் மகன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கிரெக் ஓல்சன், கரோலினா பேந்தர்ஸின் முன்னாள் டைட் எண்ட். 2022, 2023 ஆகிய இரு பருவங்களிலும் பர்க்ஹார்ட்டுடன் ஃபாக்ஸின் முதல் அணியில் அமர்ந்து, சூப்பர் பவுலையும் வர்ணித்து, அந்தப் பணிக்காகவே தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் பெற்றார். விருது கையில் வந்த 2024ஆம் ஆண்டிலேயே அவர் இரண்டாம் அணிக்கு மாற்றப்பட்டார். செய்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்தே வருகிறவர்களால்தான் இந்தத் தொழிலில் மனம் கசக்காமல் இருக்க முடியும். ஓல்சன் இரண்டாம் அணியிலும் அதே தரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்காக அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

இத்தனை பேரையும் சொன்ன பிறகு, தங்கள் மகனுக்கு நான் காட்ட விரும்பும் முன்மாதிரி டான் ஆர்லாவ்ஸ்கி. 2005இல் டெட்ராய்ட் லயன்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்த குவாட்டர்பேக் அவர். பன்னிரண்டு ஆண்டுகளில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 12 ஆட்டங்களில் மட்டுமே. 2008 அக்டோபரில் மினசோட்டாவுக்கு எதிராக ஓடும்போது, தம்மையும் அறியாமல் தம் அணியின் எல்லைப் பகுதியின் பின்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார்; எதிரணிக்கு இரண்டு புள்ளி போயிற்று, ஆட்டமும் 12-10 என்று இரண்டே புள்ளியில் போயிற்று. அந்தப் பருவம் முழுவதும் லயன்ஸ் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு அவர் பெயரைச் சொன்னால் அந்த ஓட்டத்தைத்தான் நினைத்தார்கள். 2017இல் ஓய்வு பெற்றதும், எந்த நிறுவனத்தின் அழைப்புக்கும் காத்திராமல், வார இறுதி ஆட்டங்களின் காட்சிகளை எடுத்து, எந்தக் குவாட்டர்பேக் எதைக் கண்டு ஏன் எறிந்தார் என்று தம் குரலிலேயே விளக்கி ட்விட்டரில் இட்டு வந்தார். அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் அவரைத் தேடி வந்தார்கள்; 2018இல் ஈஎஸ்பிஎன் சேர்த்துக்கொண்டது. இன்று அவர் அங்கே நாள்தோறும் பேசுகிறார். கூட்டம் எழுந்து கைதட்டிய வீரர் அல்லர் அவர். ஓரத்தில் நின்று குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர் ஆடுவதைப் படித்துக்கொண்டிருந்தவர். வர்ணனைக்கு வேண்டிய படிப்பு அந்த ஓரத்திலேயே நடந்துவிட்டது.

ஆனாலும் ஆர்லாவ்ஸ்கிகூட என்.எஃப்.எல். சீருடை அணிந்தவர். தங்கள் மகன் அணியவில்லை. ஆகவே நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: தேசிய ஒளிபரப்பில் விளக்க வர்ணனையாளர் நாற்காலியை இலக்காக வைத்து அவர் தொடங்க வேண்டாம். ஆட்ட வர்ணனையை முறையாகக் கற்கட்டும். அந்த நாற்காலி பயிற்சியால் பெறப்படுவது. முன்னாள் வீரர் என்பது அங்கே தகுதியும் இல்லை, தடையும் இல்லை. குவாட்டர்பேக்காக இருந்த ஒருவர் ஆட்ட வர்ணனை செய்தால், பந்து கிளம்புவதற்கு முன்பே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெயரைச் சரியாகச் சொல்லும் வேகத்தில் அது கணிசமான சாதகம். சிறு கல்லூரி ஒளிபரப்புகளில் பெரும்பாலும் ஒருவரே இரண்டு வேலையையும் செய்கிறார் என்பதால் விளக்கும் திறனும் வீணாகாது.

தொடங்க வேண்டிய இடம் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டெக்சஸில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து. உள்ளூர் வானொலிகளும் பள்ளிகளின் இணைய ஒளிபரப்புகளும் அங்கே பேச ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஊதியம் மிகக் குறைவு, சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஓர் ஆட்டத்தின் காணொளியை ஒலியை அடக்கி ஓடவிட்டு, கைப்பேசியில் தம் வர்ணனையைப் பதிவு செய்து, மறுநாள் கேட்கட்டும். கெஜமும் நேரமும் புள்ளியும் எத்தனை முறை சொன்னார்? நடுவில் வானொலியைத் திறந்த ஒருவருக்கு எந்த அணி முன்னணியில் என்று எவ்வளவு நேரத்தில் தெரியவரும்? ஒரே பெயரடையை எத்தனை முறை சொன்னார்? முதல் பதிவுகளைக் கேட்பது அவருக்கு வேதனையாகத்தான் இருக்கும். தாங்களும் தங்கள் துணைவியாரும் ஆட்ட விதி தெரியாதவர்களாக இருந்தால் அதுவே பெரிய உதவி. ஒரு விளக்கத்தைக் கேட்டுவிட்டு, தங்களுக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். தாங்கள் திருப்பிச் சொன்னது தவறென்றால் விளக்கத்தில்தான் பிழை இருக்கிறது.

முறையான படிப்பு வேண்டுமென்றால் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கல்லூரிக்கு நெடிய மரபு உண்டு. பாப் காஸ்டஸ், மைக் டிரிகோ போன்றவர்கள் அங்கே படித்தவர்கள். ஆனால் செலவு மிகுந்தது. ஒரு பருவம் உள்ளூரில் பேசிப் பார்த்த பிறகும் அவருக்கு ஆசை குறையவில்லை என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். என்.எஃப்.எல். அமைப்பு 2007 முதல் வீரர்களுக்கு ஒளிபரப்புப் பயிற்சி முகாம் நடத்தி வருகிறது. அது அந்த அமைப்பில் ஆடியவர்களுக்கானது, தங்கள் மகன் அதை எதிர்பார்க்க முடியாது.

வங்கி வேலையைப் பொறுத்தவரை, ஏற்றுக்கொள்வதே நல்லது என்பேன். வர்ணனை முதல் சில ஆண்டுகளுக்கு வாடகை கொடுக்காது. வெள்ளி இரவும் சனியும் கையில் இருந்தால் தொடங்குவதற்குப் போதும்.

ஜெர்மனி பற்றிய முடிவு அப்படி எளிதன்று. அங்குள்ள அணிகள் அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் குவாட்டர்பேக்குகளை அழைத்துக்கொள்வது வழக்கம்தான். அழைப்பை ஐயுற வேண்டியதில்லை. முதலில் முழங்காலுக்கு அறுவை செய்த மருத்துவரின் அனுமதி வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். அவர் அனுமதித்தால், தங்கள் மகனிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆட்டத்தில் இன்னும் தீராத ஆசை இருக்கிறதா? இருக்கிறது என்று அவர் சொன்னால், வங்கி ஓராண்டு பொறுக்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். விட்டனுக்கு நேர்ந்தது, தீராத ஆசையோடு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததால் நேர்ந்தது. ஆடுவதும் பேசுவதும் ஒரே காலத்தில் கூடாது என்றும் இல்லை. கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் குவாட்டர்பேக் லென் டாசன் 1966 முதலே அந்நகரின் கேஎம்பிசி நிலையத்தில் விளையாட்டுச் செய்தி வழங்கினார். 1970 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்று ஆட்ட நாயகனானபோதும் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். 1975 வரை ஆடினார். களத்தை விட்டு இறங்கிய நாளில் அவருக்கு அடுத்த தொழில் புதிதாக இருக்கவில்லை. தங்கள் மகனும் ஜெர்மனியில் தம் அணி ஆடாத வாரங்களில் பிற ஆட்டங்களை ஆங்கிலத்தில் வர்ணித்துப் பதிவு செய்யலாம்; அணி நிர்வாகத்திடம் கேட்டால் மைக்கைக் கொடுக்கவும் கூடும். ஆசை தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னாலோ, மருத்துவர் மறுத்தாலோ, போக வேண்டாம்.

ஒரு செய்தியை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோகும் இளைஞர்களுக்கு, பதினைந்து ஆண்டு ஆடிவிட்டு ஓய்வு பெறும் வீரருக்கு உள்ள அதே வெறுமை இருக்கிறது; ஆனால் பிரிவு விழாவோ செய்தியாளர் கூட்டமோ அவர்களுக்கு இல்லை. நவம்பரிலிருந்து தங்கள் வீட்டில் அது நடந்துகொண்டிருக்கலாம். வர்ணனை ஆசையில் ஒரு பகுதி அந்த வெறுமையிலிருந்து வந்ததாக இருந்தாலும் தவறில்லை. அதைப் பற்றிப் பேச வீட்டில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெக்சஸில் பள்ளிப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கிவிடும். ஜூலைக்குள் பத்து நிமிடப் பதிவு ஒன்றை அவர் தயார் செய்யட்டும்: ஒரே ஆட்டத்தின் தொடர்ச்சியான ஒரு பகுதி, வெட்டி ஒட்டாதது, சிறந்த தருணங்களை மட்டும் பொறுக்காதது. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது சாதாரணமான ஒரு மூன்று கெஜ ஓட்டத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான். அதை அருகிலுள்ள பள்ளிகளின் விளையாட்டு இயக்குநர்களுக்கும் உள்ளூர் வானொலி நிலையங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். விரும்பினால் இந்தப் பகுதியின் முகவரிக்கும் ஒரு படி அனுப்பட்டும். கேட்டுவிட்டு என் கருத்தை அவருக்கே நேரடியாக எழுதுகிறேன்.